ஒரே குழந்தைக்கு ரெண்டு பெயர்: ஆட்டிசமும் ஏடிஹெச்டியும் சேர்ந்து வரும்போது

(பேசியதைப் படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கி, திருத்தித் தந்திருக்கிறோம்.)

கொஞ்ச நாளா நமக்கு வர்ற வாய்ஸ் மெசேஜ்ல ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருது. "ஒரு டாக்டர் பையனுக்கு ஏடிஹெச்டின்னு சொல்றார். இன்னொருத்தர் ஆட்டிசம்னு சொல்றார். யாரை நம்புறது?" அம்மா அப்பா கேக்குறாங்க, அக்கா அண்ணன் கேக்குறாங்க, காலேஜ் படிக்கிற ஒருத்தர் தனக்காகவே கேட்டிருந்தார். சுருக்கமான பதில் இதுதான்: ரெண்டு டாக்டர் சொல்றதும் ஒரே நேரத்துல சரியா இருக்கலாம். அது எப்படி, அதனால வீட்டுல என்ன மாறணும், இதைத்தான் இன்னைக்குப் பேசப் போறோம்.

நான் போச்சம்பள்ளியில வளர்ந்து, இன்ஜினியரிங் முடிச்சு, இப்போ கோடு எழுதிச் சம்பாதிக்கிற ஆள். டாக்டர் கிடையாது. இதைக் கேட்டுட்டு யாருக்கும் நீங்களே பெயர் வச்சிடாதீங்க. டாக்டர்கிட்ட என்ன கேக்கணும், என்ன சொல்லணும்னு தெரிஞ்சு போறதுக்கு இது உதவினா போதும்.

ரெண்டும் என்ன?

ஏடிஹெச்டியில மூணு விஷயம் இருக்கு. கவனம் நிக்காது, உடம்பு சும்மா இருக்காது, யோசிக்கிறதுக்கு முன்னாடியே செஞ்சு முடிச்சிருக்கும். டாக்டர்கள் பயன்படுத்துற டிஎஸ்எம்-5 கையேட்டுல கவனம் பத்தி 9 அறிகுறி, துறுதுறுப்பும் அவசரமும் பத்தி 9 அறிகுறி இருக்கு. 17 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு ஏதாவது ஒரு பட்டியல்ல குறைஞ்சது 6 இருக்கணும். ஆறு மாசமாவது நீடிக்கணும். 12 வயசுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருக்கணும். வீடு, பள்ளிக்கூடம்னு ஒண்ணுக்கு மேற்பட்ட இடத்துல தெரியணும். இதெல்லாம் போக, அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கணும். "என் பையன் ரொம்ப சேட்டை"ங்கிறது மட்டும் ஏடிஹெச்டி ஆகிடாது.

தமிழ்ல இதைக் கவனக்குறைவுன்னு சொல்றோம். ஆனா அந்தக் குழந்தைகிட்ட கவனம் குறைவா இல்லை. அதை வேணுங்கிற இடத்துல நிறுத்துற பிடிதான் சரியா இல்லை. வாய்ப்பாடு அஞ்சு நிமிஷம் படிக்க முடியாத பையன், பழைய ரேடியோவைக் கழட்டி ரெண்டு மணி நேரம் உக்காந்திருப்பான். "அதுக்கு மட்டும் கவனம் வருதா?"ன்னு நாம திட்டுவோம். அதேதான் அந்த நிலையோட அடையாளம்.

ஆட்டிசத்துல ரெண்டு பகுதி. ஒண்ணு, மத்தவங்களோட பழகுறதுல, பேச்சைப் பரிமாறிக்கிறதுல இருக்கிற வித்தியாசம். முகபாவம், குரல், சொல்லாம விட்டது, இதையெல்லாம் மத்தவங்க தானா பிடிச்சுக்குவாங்க. இவங்க உழைச்சுத்தான் பிடிக்கணும். ரெண்டாவது, திரும்பத் திரும்பச் செய்யுறது, ஒரே ஒழுங்கு வேணும்ங்கிறது, ஒரு விஷயத்துல ஆழமா மூழ்குறது, அப்புறம் ஒலி, வெளிச்சம், துணி, வாசனை இதெல்லாம் அளவுக்கு மீறித் தாக்குறது அல்லது உறைக்காமலே போறது.

செய்தித்தாள்ல இதுக்கு "மன இறுக்கம்"னு போடுறாங்க. அதைப் படிச்சா ஏதோ டென்ஷன், மன அழுத்தம், பேசினா சரியாகிடும்னு தோணும். அரசாங்கக் காகிதத்துல "புற உலகச் சிந்தனையற்றவர்"னு இருக்கும். கடைசி வீட்டு மிக்ஸி சத்தத்துக்கே காதைப் பொத்துற குழந்தைக்குப் புற உலகம் தெரியலைன்னு எப்படிச் சொல்றது? அதுக்குப் புற உலகம் நம்மளைவிட ரொம்பச் சத்தமா கேக்குது. அதனால நான் ஆட்டிசம்னே சொல்றேன்.

2013 வரைக்கும் ரெண்டும் சேர்ந்து இருக்கவே கூடாது

இது நிறையப் பேருக்குத் தெரியாது. 1994-ல வந்த டிஎஸ்எம்-4 கையேட்டுல ஒரு விதி இருந்துச்சு. குழந்தைக்கு ஆட்டிசம் வகையில ஏதாவது இருந்தா, ஏடிஹெச்டின்னு தனியா எழுதக் கூடாது. கோடு எழுதுறவங்களுக்குச் சொல்றேன்: ஃபங்ஷனோட முதல் வரியிலேயே ஒரு இஃப் கண்டிஷன். ஆட்டிசம்னா அங்கேயே ரிட்டர்ன். கீழ இருக்கிற ஏடிஹெச்டி செக் ஓடவே ஓடாது.

2013 மே மாசம் வந்த டிஎஸ்எம்-5 அந்த வரியை எடுத்துடுச்சு. உலக சுகாதார நிறுவனத்தோட ஐசிடி-11, 2022 ஜனவரியில நடைமுறைக்கு வந்தது. அதுலயும் ரெண்டையும் சேர்த்து எழுதலாம். விதி மாறினதும் குழந்தைங்க மாறிடலை. அதுக்கு முன்னாடியே ஆராய்ச்சியில இது தெரிஞ்சுதான் இருந்தது. இங்கிலாந்துல ஆட்டிசம் உள்ள 10 முதல் 14 வயசுப் பிள்ளைங்ககிட்ட நடத்தி 2008-ல வெளிவந்த ஆய்வுல, 28 சதவீதம் பேருக்கு ஏடிஹெச்டிக்கான அறிகுறிகளும் முழுசா இருந்துச்சு. பின்னாடி பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவங்கள்ல சிலர் 28 சதவீதம்னும், சிலர் 40 சதவீதத்துக்குப் பக்கத்துலன்னும் சொல்றாங்க. எண் மாறுது, ஆனா எந்தக் கணக்குப்படியும் இது அபூர்வம் இல்லை.

2013-க்கு முன்னாடி படிச்சு முடிச்ச டாக்டர்கள், தெரபிஸ்ட்கள் இன்னைக்கும் வேலையில இருக்காங்க. "ஒண்ணு இருந்தா இன்னொண்ணு இருக்காது"ன்னு யாராவது சொன்னா, அந்தப் பழைய விதி எங்க இருந்து வந்துச்சுன்னு இப்போ உங்களுக்குத் தெரியும்.

ஏன் சேர்ந்து வருது? ரெண்டுமே பெரும்பாலும் மரபுவழி. ரெண்டுக்கும் பொதுவான மரபணுக் காரணங்கள் நிறைய இருக்கு. டென்மார்க்குல ஆட்டிசமோ ஏடிஹெச்டியோ ரெண்டுமோ உள்ள சுமார் 8,000 பேரோட மரபணுவைப் படிச்சு 2019-ல வெளியான ஆய்வுல, புரதத்தைப் பாதியில அறுத்துவிடுற சில அரிய மாற்றங்கள் ரெண்டு குழுவுலயும் கிட்டத்தட்ட ஒரே அளவு இருந்துச்சு. வளர்ப்புச் சரியில்லாததால இது வர்றதில்லை. தடுப்பூசியால வர்றதில்லை. அம்மா வேலைக்குப் போறதால வர்றதில்லை. சிப்காட்ல ஷிஃப்ட் பார்க்கிற எத்தனையோ அம்மாக்கள் இந்தப் பழியைச் சுமந்துட்டு இருக்காங்க. அதை இறக்கி வைக்கலாம்.

ஒரே செயல், வேற வேற காரணம்

வெளியில பார்க்க ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருக்கும். அதுதான் குழப்பம்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டாத் திரும்பலை. ஏடிஹெச்டின்னா மனசு வேற எங்கயோ ஓடிட்டு இருக்கலாம். ஆட்டிசம்னா செய்யுற வேலையில முழுசா மூழ்கி இருக்கலாம், இல்லை பெயரைச் சொன்னாத் திரும்பிப் பார்க்கணும்ங்கிற எதிர்பார்ப்பே அதுக்குப் புரியாம இருக்கலாம்.

பேச்சுக்கு நடுவுல குறுக்கிடுறது. ஏடிஹெச்டியில, இப்பவே சொல்லலைன்னா மறந்துடும்ங்கிற அவசரம். ஆட்டிசத்துல, எப்போ நம்ம முறைன்னு காட்டுற சைகை பிடிபடலை.

நண்பர்கள் இல்லை. ஏடிஹெச்டி பையன் ஈஸியா சேர்ந்துடுவான், ஆட்டத்துல விதியை மீறி, அடிச்சு, சண்டை போட்டு இழந்துடுவான். ஆட்டிசம் உள்ள பையனுக்குச் சேர்றதே கஷ்டம். சேர்ந்தாலும் ஆட்டம் அவன் சொன்ன விதிப்படியே நடக்கணும்.

நம்ம ஊர் ஞாயித்துக்கிழமை சந்தையை நினைச்சுக்கங்க. மைக்ல விலை கூவுறது, மிளகாய் நெடி, ஆடு மாடு, இடிச்சுட்டுப் போற கூட்டம். ஒரு குழந்தை கையை உதறிட்டு ஓடுது. பலூன்காரரைப் பார்த்து ஓடியிருந்தா ஒரு காரணம். சத்தம் தாங்காம ஓடியிருந்தா வேற காரணம். ரெண்டும் உள்ள குழந்தை பலூனைப் பார்த்து ஓடும், கூட்டத்துக்கு நடுவுல போய் மாட்டினதும் காதைப் பொத்தி உக்காந்து கத்தும். பார்க்கிறவங்க "அடம்"னு ஒரே வார்த்தையில முடிச்சுடுவாங்க.

அதனால நல்ல டாக்டர் "என்ன பண்றான்?"னு கேட்டு நிறுத்த மாட்டார். "அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு? அப்புறம் என்ன நடந்துச்சு?"ன்னு கேப்பார். பக் தேடும்போது நாம எரர் மெசேஜை மட்டும் பார்க்காம, லாக்ல மேல போய்ப் பார்ப்போமே, அந்த மாதிரி.

உள்ளுக்குள்ள நடக்கிற இழுபறி

ரெண்டும் சேர்ந்து இருக்கிறதுன்னா ரெண்டு பட்டியலையும் கூட்டிப் போடுறது மட்டும் கிடையாது. சில இடத்துல ஒண்ணுக்கொண்ணு எதிரா இழுக்கும். ஒரு பக்கம் எல்லாம் தினமும் ஒரே மாதிரி இருக்கணும். இன்னொரு பக்கம் ஒரே மாதிரி இருந்தா சலிச்சுப் போயிடும். டைம்டேபிள் இல்லைன்னா பதட்டம், இருந்தா அதைப் பின்பற்ற முடியலைன்னு அழுகை.

எங்க அக்கா பையனை உதாரணமாச் சொல்றேன். அக்காகிட்ட அனுமதி வாங்கிட்டுத்தான் சொல்றேன். அவனுக்கு இப்போ ஒன்பது வயசு. ஆறு வயசுல ஏடிஹெச்டின்னு சொன்னாங்க. மருந்து ஆரம்பிச்சதும் வகுப்புல உக்கார ஆரம்பிச்சான், எல்லாருக்கும் சந்தோஷம். ஆறு மாசத்துல வேற ஒண்ணு தெரிஞ்சது. ஸ்கூல் வேன் வேற ரூட்ல போனா அழுகை. டிபன் பாக்ஸ்ல தயிர்சாதத்தை ஊறுகாய் தொட்டிருந்தா அன்னைக்குப் பட்டினி. பசங்க கிண்டல் பண்றது கிண்டல்னே அவனுக்குப் புரியலை. துறுதுறுப்பு அடங்கினதும் அதுக்குப் பின்னாடி இருந்தது வெளிய வந்துச்சு. ஸ்கூல்ல "மருந்து சாப்பிட்டும் இப்படித்தான் இருக்கான், வேற ஸ்கூல் பார்த்துக்கங்க"ன்னு சொல்லிட்டாங்க. எட்டரை வயசுலதான் ஆட்டிசமும் இருக்குன்னு உறுதியாச்சு. அக்கா என்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: "ஏன்டா, இந்த ரெண்டரை வருஷம் அவனை நாங்க எதுக்காகத் திட்டிட்டு இருந்தோம்?"

இது எங்க வீட்டுக் கதை மட்டும் கிடையாது. அமெரிக்காவுல ஆட்டிசம் உள்ள சுமார் 1,500 குழந்தைங்க பத்தின தகவலை வச்சு 2015-ல ஒரு ஆய்வு வந்துச்சு. முதல்ல ஏடிஹெச்டின்னு சொல்லப்பட்ட குழந்தைங்களுக்கு, மத்தவங்களைவிட சராசரியா மூணு வருஷம் கழிச்சுத்தான் ஆட்டிசம் கண்டுபிடிக்கப்பட்டிருக்கு. காரணம் சுலபம்: முதல் பெயர் கிடைச்சதும் எல்லாரும் தேடுறதை நிறுத்திடுறாங்க. பொம்பளைப் பிள்ளைங்க விஷயத்துல இன்னும் மோசம். வகுப்புல அமைதியா ஜன்னலைப் பார்த்துட்டு இருக்கிற பொண்ணைப் பத்தி யாரும் புகார் கொடுக்க மாட்டாங்க. தோழிங்க எப்படிச் சிரிக்கிறாங்க, எப்படிப் பேசுறாங்கன்னு பார்த்து அப்படியே காப்பியடிச்சுப் பள்ளியை ஓட்டிடும், வீட்டுக்கு வந்து உடையும்.

நம்ம நாட்டு நிலவரம் என்ன? இந்தியாவுல அஞ்சு இடத்துல 2 முதல் 9 வயசு வரையிலான சுமார் 4,000 குழந்தைங்களைப் பார்த்து 2018-ல ஒரு பெரிய ஆய்வு வெளியாச்சு. எட்டுல ஒரு குழந்தை வரைக்கும் ஏதாவது ஒரு நரம்பியல் வளர்ச்சிப் பிரச்சினை இருக்கலாம்னு கணக்கு. அப்படி இருந்த குழந்தைங்கள்ல ஏறக்குறைய ஐந்துல ஒருத்தருக்கு ஒண்ணுக்கு மேல இருந்துச்சு.

நம்ம பக்கத்துக்குன்னே ஒரு விஷயம்

போச்சம்பள்ளி, கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் ஒரே வீட்டுல தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணும் புழங்கும். குழந்தை பேசத் தாமதமானா "மூணு மொழி பேசினா இப்படித்தான்"னு ரெண்டு வருஷம் காத்திருப்பாங்க. இல்லைன்னா "ஒரே மொழி பேசுங்க, பாட்டி தெலுங்குல பேச வேண்டாம்"னு சொல்லிடுவாங்க. ரெண்டுமே நஷ்டம். ஒண்ணுக்கு மேல மொழி கேட்டு வளர்றதால ஆட்டிசம் உள்ள குழந்தைங்களோட பேச்சு கூடுதலாத் தாமதமாகுறதில்லைன்னு பல ஆய்வு சொல்லுது. அந்த வீட்டுல குழந்தையோட அதிக நேரம் இருக்கிறதே பாட்டிதான். அவங்க வாயை மூடிட்டா குழந்தைக்குக் கிடைக்கிற பேச்சே குறைஞ்சுடும்.

மருந்தும் பயிற்சியும்

ஏடிஹெச்டிக்கு மெத்தில்ஃபெனிடேட்னு ஒரு மருந்து உண்டு. டாக்டர் சீட்டு இல்லாம வாங்கக் கூடாது. ரெண்டும் சேர்ந்த குழந்தைங்களுக்கு இது வேலை செய்யுமா? ஆட்டிசமும் துறுதுறுப்பும் உள்ள 5 முதல் 14 வயசு வரையிலான 72 குழந்தைங்ககிட்ட நடந்த அமெரிக்க ஆய்வு 2005-ல வந்துச்சு. 49 சதவீதம் பேருக்குப் பலன் இருந்துச்சு. 18 சதவீதம் பேர் எரிச்சல் மாதிரியான பக்கவிளைவால நிறுத்தினாங்க. ஏடிஹெச்டி மட்டும் உள்ளவங்களைவிடப் பலன் குறைவு, பக்கவிளைவு அதிகம். ஆனா பாதிப் பேருக்கு உதவுதுங்கிறதையும் மறக்கக் கூடாது. அதனால குறைஞ்ச அளவுல ஆரம்பிச்சு, மெதுவா ஏத்தி, தூக்கம், பசி, எடை, மனநிலை இதையெல்லாம் கவனிச்சுட்டே போவாங்க. நீங்களா நிறுத்தவும் வேண்டாம், ஏத்தவும் வேண்டாம்.

இன்னொண்ணு, அந்த மருந்து கவனத்துக்கும் துறுதுறுப்புக்கும்தான். ஆட்டிசத்தை "மாத்துற" மருந்து எதுவும் கிடையாது, மாத்தணும்னும் அவசியம் இல்லை. பேச்சுப் பயிற்சி, ஆக்குபேஷனல் தெரபி, அம்மா அப்பாவுக்கான பயிற்சி, வகுப்பறை மாற்றம், இதுதான் வழி. ஸ்டெம் செல் ஊசி போட்டாச் சரியாகும்னு லட்சக்கணக்குல கேக்குறாங்கன்னா எழுந்து வந்துடுங்க. தேசிய மருத்துவ ஆணையத்தோட குழு 2022-லயே ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்கலைன்னு சொல்லிடுச்சு.

வீட்டுலயும் ரெண்டையும் சேர்த்து யோசிக்கணும். ஏடிஹெச்டிக்குன்னு சொல்ற டிப்ஸ் "புதுசு புதுசா மாத்திக் கொடுங்க"ன்னு சொல்லும். ஆட்டிசத்துக்குன்னு சொல்றது "ஒரே மாதிரி வச்சுக்கங்க"ன்னு சொல்லும். எங்க அக்கா வீட்டுல ஓடுற வழி இது: வரிசை மாறாது, உள்ளே இருக்கிறது மாறும். சாயங்காலம் ஆறு மணிக்குப் படிப்பு, பதினைஞ்சு நிமிஷம், அப்புறம் மாடிப்படி ஏறி இறங்குறது, மறுபடி பதினைஞ்சு நிமிஷம். இந்த வரிசை சுவத்துல படமா ஒட்டியிருக்கு. எந்தப் பாடம்ங்கிறதை அவன் தேர்ந்தெடுப்பான்.

காகிதம், சட்டம், எங்க போறது

இங்கதான் பெயரோட முக்கியத்துவம் வருது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல 21 வகை இருக்கு. ஆட்டிசம் இருக்கு. கற்றல் குறைபாடு இருக்கு. ஏடிஹெச்டி இல்லை. அதாவது ஏடிஹெச்டி மட்டும் எழுதியிருந்தா மாற்றுத்திறனாளி சான்றிதழ் கிடைக்காது. ஆட்டிசமும் இருந்து அது பதிவாகலைன்னா, குழந்தைக்கு உரிமையான ஒண்ணு கைவிட்டுப் போகுது. சான்றிதழுக்கு ஐஎஸ்ஏஏ-ன்னு ஒரு இந்திய அளவுகோல் பயன்படுத்துறாங்க. 40 விஷயங்கள், ஒவ்வொண்ணுக்கும் 1-ல இருந்து 5 மதிப்பெண். 40 சதவீதமும் அதுக்கு மேலயும் வந்தா 6 முதல் 18 வயசு வரை இலவசக் கல்விக்குச் சட்டப்படி உரிமை உண்டு. பொதுத் தேர்வுல கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் மாதிரியான சலுகைகளுக்கும் மருத்துவச் சான்றிதழ்தான் ஆதாரம். பத்தாம் வகுப்பு ஜனவரியில ஓடாம, ஒன்பதாம் வகுப்புலயே தலைமை ஆசிரியர்கிட்ட கேளுங்க.

பணம் செலவழிக்கிறதுக்கு முன்னாடி அரசு வழி ஒண்ணு இருக்கு. 2013-ல ஆரம்பிச்ச ஆர்பிஎஸ்கே திட்டத்துல பிறப்பு முதல் 18 வயசு வரை பரிசோதனை உண்டு. டீம் அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு ரெண்டு தடவையும் அரசுப் பள்ளிக்கு ஒரு தடவையும் வரணும். அந்தத் திட்டத்தோட 30 நிலைகள் பட்டியல்ல ஆட்டிசம், ஏடிஹெச்டி ரெண்டுமே இருக்கு. அங்க இருந்து மாவட்ட அளவுல இருக்கிற ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவாங்க. பள்ளி வயசுப் பிள்ளைங்களுக்கு வட்டார வள மையத்துல சிறப்புப் பயிற்றுநர்கள் உண்டு. பெரிய இடம் வேணும்னா நம்ம பக்கத்துல இருந்து பெங்களூரு நிம்ஹான்ஸ் போறவங்க அதிகம். ஓசூர் ரோட்டுலயே இருக்கு, குழந்தைகள் மற்றும் வளரிளம் பருவ மனநலத்துக்குன்னு தனித் துறை உண்டு. சென்னைக்குப் பக்கத்துல முட்டுக்காட்டுல நீப்மெட் இருக்கு.

போகும்போது ஒரு நோட்டு கொண்டு போங்க. ரெண்டு வாரம், தினமும் மூணு வரி: என்ன நடந்துச்சு, அதுக்கு முன்னாடி என்ன, அப்புறம் என்ன. மொபைல்ல எடுத்த சின்ன வீடியோவும் உதவும். டீச்சர்கிட்ட ரெண்டு வரி எழுதி வாங்குங்க. கடைசியா நேரடியாக் கேளுங்க: "ரெண்டும் சேர்ந்து இருக்கான்னு பார்த்தீங்களா?"

டீன் ஏஜ்ல இருக்கிறவங்களுக்கு

இதைக் கேக்குறவங்கள்ல பதினஞ்சு, பதினாறு வயசுக்காரங்களும் இருக்கீங்க. இந்த வயசுல துறுதுறுப்பு வெளிய குறைஞ்சு உள்ளே போயிடும். மத்தவங்க கண்ணுக்கு நீங்க சும்மா உக்காந்திருப்பீங்க, தலைக்குள்ள பத்து டேப் திறந்திருக்கும். பள்ளியில நாள் முழுக்க மத்தவங்க மாதிரி நடிச்சுட்டு வந்து சாயங்காலம் யார்கிட்டயும் பேச முடியாமப் படுத்துடுவீங்க. வீட்டுல "திமிர்"னு சொல்லுவாங்க. தூக்கம் கெடும், பயம் கூடும், சோர்வு வரும். ரெண்டும் சேர்ந்து இருக்கிறவங்களுக்கு மனப்பதட்டமும் சோர்வும் வர வாய்ப்பு அதிகம், அதுக்குத் தனியா உதவி உண்டு. வாழவே பிடிக்கலைன்னு தோணினா 14416-க்கு, டெலி மானஸ் எண்ணுக்குக் கூப்பிடுங்க. இலவசம், எந்த நேரமும், தமிழ்லயும் பேசலாம்.

ரீல்ஸ் பார்த்து "எனக்கும் இதே"ன்னு தோணுறதுல தப்பில்லை. அது ஒரு கேள்வி, பதில் இல்லை. அந்தக் கேள்வியை நம்பிக்கையான ஒரு பெரியவர்கிட்ட கொண்டு போங்க. "நான் சோம்பேறி"ன்னு சொல்லாம, "எனக்கு ஆரம்பிக்கிறது கஷ்டமா இருக்கு, சத்தம் தாங்க முடியலை"ன்னு சொல்லிப் பாருங்க. அப்படிச் சொன்னா கேக்குறவங்களுக்கு உதவ ஒரு வழி தெரியும்.

இன்னைக்கு இவ்வளவுதான் மக்களே. உங்க தெருவுலயோ சொந்தத்துலயோ ரெண்டு டாக்டர் ரெண்டு பெயர் சொல்லிக் குழம்பி நிக்கிற குடும்பம் இருந்தா இந்த எபிசோடை அனுப்பி வைங்க. பள்ளிச் சலுகைகளுக்கு எப்படி எழுதிக் கேக்குறது, எந்த வகுப்புல ஆரம்பிக்கிறதுன்னு நிறையக் கேள்வி வந்திருக்கு, அதை அடுத்த தடவை எடுத்துக்கலாம்.